பெயரை வைப்பதும் பெயரைப் பெறுவதும்

புதிதாகத் தொழில் தொடங்கியவர்களிடம் பெயரைப் பதிவு செய்தாயிற்றா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எங்கே பதிவு செய்தீர்கள் என்று அடுத்துக் கேட்டால் ஒருவர் நிறுவனப் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார். இன்னொருவர் அந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கிவிட்டதாகச் சொல்வார். இரண்டுமே தேவையானவை. ஆனால் இரண்டுமே டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி, ஆகாது. இப்படி ஓர் அமைப்பு சட்டப்படி இருக்கிறது என்பதற்கு நிறுவனப் பதிவு சாட்சி, அவ்வளவுதான். இணைய முகவரி என்பது கட்டணம் கட்டும்வரை நம்மிடம் இருக்கும் விலாசம். இந்தப் பெயரில் இந்தப் பொருளை வேறொருவர் விற்கக் கூடாது என்று தடுக்கும் உரிமையை அவை தருவதில்லை. சில நாடுகளில் வெறுமனே பயன்படுத்தி வந்ததற்கும் உரிமை உண்டு. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் அந்தப் பாரம் பெருமளவு எதிராளியின் தலைக்குப் போய்விடுகிறது.

நானும் என் சித்தி மகளும் சேர்ந்து நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினோம். தயாரிப்பு, விற்பனை எல்லாம் அவள் பொறுப்பு. தாள் வேலை முழுக்க என் பொறுப்பு. அதனால் டிரேட்மார்க் விஷயத்தை நான்தான் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. விண்ணப்பத்தை அனுப்புவது சின்ன வேலை. கனமான வேலை எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகு திருத்திக்கொள்ள முடிவது மிகக் கொஞ்சம். குறியை மாற்ற முடியாது. பொருள் பட்டியலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. இது கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் இப்படித்தான்.

முதலில் பெயர். என் தங்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பெயர்கள் எல்லாமே தாளையும் எழுத்தையும் சுற்றி வந்தன. கேட்டவுடன் என்ன விற்கிறோம் என்று தெரிய வேண்டும் என்பது அவள் வாதம். விளம்பரக் கண்ணோட்டத்தில் அது நியாயமும்கூட. ஆனால் சட்டம் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. பொருளை விவரிக்கும் சொல் அந்தப் பொருளை விற்கும் எல்லோருக்கும் தேவைப்படும். அதை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் பொருளை எப்படிச் சொல்லி விற்பார்கள்? ஆகவே, தரத்தையோ வகையையோ பயனையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு அலுவலகம் பொதுவாக ஏற்காது. பொருளின் பெயரையே தன் பெயராக வைத்தால் கேட்கவே வேண்டாம். நோட்டுக்கு 'நோட்டு' என்று பெயர் வைத்துவிட்டு உரிமை கேட்க முடியாது.

வலுவான பெயர்கள் இரண்டு வகை. ஒன்று, அதற்கு முன் இல்லாத சொல். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் தன் கேமராவுக்குக் 'கோடாக்' என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. கே என்ற எழுத்தின் ஓசை அவருக்குப் பிடித்திருந்தது, முன்னும் பின்னும் அதையே வைத்தார். இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் பொருளோடு ஒட்டும் உறவும் இல்லாதது. கணினிக்கு ஆப்பிள் என்று பெயர் வைத்தது அப்படித்தான். இவற்றுக்குச் சற்றுக் கீழே, நேரடியாகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்தும் பெயர்கள் வரும். அவையும் பதிவாகும். விவரிக்கும் பெயரே வேண்டும் என்று அடம் பிடித்தால் அதற்கும் வழி இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் பயன்படுத்தி, அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்களுக்கு நம் நிறுவனம்தான் நினைவுக்கு வருகிறது என்று காட்ட வேண்டும். ஹோட்டல் முன்பதிவுத் தளமான புக்கிங்.காம் தன் பெயருக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பையெல்லாம் சாட்சியமாக வைத்து, 2020-இல் வென்றது. பெரிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். நேற்றுத் தொடங்கிய தொழிலுக்கு ஆகாது.

நான் சொன்ன பெயர் மரங்கொத்தி. "மரங்கொத்திக்கும் நோட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்னு கேப்பாங்களே" என்றாள். கேட்கட்டும், அந்தக் கேள்வி வருவதுதான் நல்லது என்றேன். சம்பந்தம் இல்லாததால்தான் அந்தப் பெயரில் நோட்டு விற்கும் உரிமையை நமக்கு மட்டும் என்று கேட்க முடியும். இன்னொரு நோட்டுக்காரருக்கு மரங்கொத்தி என்ற சொல் அவசியமே இல்லை. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. டிரேட்மார்க் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யாருக்கும் தேவைப்படாத சொல்லைத்தான் அது தனி ஒருவருக்குத் தருகிறது.

பெயர் மனதில் பதிவதற்கு முன்னாலேயே தேடிவிட வேண்டும். அதன் மேல் ஆசை வந்துவிட்டால் கண் மறைத்துவிடும். தேடியதில் எதிரே வருவதையெல்லாம் 'இது வேற மாதிரி இருக்கே' என்று ஒதுக்கிக்கொண்டே போவோம். பல நாடுகளின் பதிவு அலுவலகங்களுக்கு இணையத்தில் தேடல் வசதி இருக்கிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் 'குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்' பல நாட்டுப் பதிவுகளை ஒரே இடத்தில் இலவசமாகக் காட்டும். நம் பெயரை அப்படியே அடித்துப் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. சட்டம் கேட்கும் கேள்வி, சாதாரண வாடிக்கையாளர் இரண்டையும் குழப்பிக்கொள்வாரா என்பது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட மாட்டார். அரைகுறை ஞாபகத்தோடுதான் கடைக்கு வருவார். ஆகவே ஓசை, தோற்றம், அர்த்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றாக இருந்தால் ஆட்சேபணை வரும். வேறு மொழியில் இருந்தாலும் அர்த்தம் ஒன்றாக இருந்தால் பல நாடுகளில் அதையும் கணக்கில் எடுப்பார்கள். அதனால் மரங்கொத்தியைத் தமிழ் எழுத்தில், ரோமன் எழுத்தில், ரோமனில் மனிதர்கள் தப்பாக எழுதக்கூடிய விதங்களில், அப்புறம் ஆங்கிலத்தில் அந்தப் பறவைக்குள்ள பெயரில் என்று மாற்றி மாற்றித் தேடினேன். பதிவில் இல்லாமலே சந்தையில் இருக்கும் பெயர்களுக்காகக் கடைத் தளங்களிலும் தேடினேன். முன்பிருந்தே பயன்படுத்துகிறவர் பதிவு செய்யாவிட்டாலும் நம் பதிவை எதிர்க்கும் உரிமை பல நாடுகளில் அவருக்கு உண்டு.

படத்தைத் தேடுவது தனிக் கலை. லோகோவில் இருக்கும் உருவங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் முறை ஒன்று 1973-இல் வியன்னாவில் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வந்தது. விண்மீன், சூரியன் போன்றவை 1-ஆம் பிரிவு, விலங்குகளும் பறவைகளும் 3-ஆம் பிரிவு, செடி கொடிகள் 5 என்று போகும். அந்த எண்ணை வைத்துத் தேடினால், எத்தனை நிறுவனங்கள் ஒரே மாதிரி கிளையில் ஒரே மாதிரி பறவையை உட்கார வைத்திருக்கின்றன என்பது தெரியும். எங்கள் லோகோவின் முதல் வரைவு அப்படித்தான் போயிற்று. தச்சுக் கருவி விற்கும் ஒருவரின் பறவைக்கு அது தூரத்துச் சொந்தம் போல இருந்தது. பொருள் வேறு என்பதால் சட்டப்படி பரவாயில்லை என்று வாதிட்டிருக்கலாம். வேண்டாம் என்று வேறு வரையச் சொன்னோம்.

பொருள் வேறு என்று சொன்னேனே, அதுதான் அடுத்த பெரிய விஷயம். டிரேட்மார்க் என்பது பெயருக்கு மட்டும் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட பொருளோடு சேர்ந்த பெயருக்குத்தான் கிடைக்கிறது. 1957-இன் நீஸ் உடன்படிக்கையிலிருந்து வந்த வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். காகித நோட்டு 16-ஆம் வகுப்பு. அதே நோட்டைச் செயலியாகச் செய்தால் 9. பள்ளிப் பை 18. சட்டை 25. பிறர் தயாரித்ததை வாங்கி விற்கும் கடை நடத்தினால் 35. ஒரே பெயரை இரு வேறு தொழில் செய்பவர்கள் சண்டையில்லாமல் வைத்திருக்க முடிவது இதனால்தான்.

ஆனால் தொழில் வளரும்போது இந்த எல்லைக்கோடு உரசும். அதற்கு ஆப்பிளை விட நல்ல உதாரணம் இல்லை. பீட்டில்ஸ் குழுவினர் தொடங்கிய ஆப்பிள் கோர் நிறுவனம் 1978-இல் ஆப்பிள் கணினி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. கணினிக்காரர்கள் இசைத் தொழிலுக்குள் வரக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு 1981-இல் சமரசம் ஆயிற்று. அப்புறம் கணினியே இசை வாசிக்கத் தொடங்கியது. 1991-இல் இரண்டாவது சமரசம். பிறகு ஐடியூன்ஸ் வந்து மறுபடியும் வழக்கு. 2006-இல் லண்டன் உயர் நீதிமன்றம் கணினி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 2007-இல்தான் இருவரும் இறுதியாக ஒத்துப்போனார்கள். வழக்குத் தொடங்கியபோது ஒரு கணினி நிறுவனம் பாட்டு விற்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஆகவே பட்டியல் எழுதும்போது இன்று செய்வதையும், அடுத்த சில ஆண்டுகளில் செய்ய உண்மையாகவே எண்ணம் இருப்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்காக 45 வகுப்பிலும் கைவைப்பது தப்பு. கட்டணம் வகுப்புக் கணக்கில் ஏறும் என்பது ஒரு பக்கம். செய்யாத தொழிலுக்குப் பதிவு வாங்கினால் அது நிலைக்காது என்பது இன்னொரு பக்கம். எந்த எண்ணமும் இல்லாமல் கேட்டது, கெட்ட நோக்கம் என்றுகூடச் சில நாடுகளில் வாதிக்க முடியும்.

சரி, பெயரையும் லோகோவையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடலாமா, தனித்தனியாகவா? பணம் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் இருக்கிறது என்றால் என் பதில், பெயரை மட்டும் வெறும் எழுத்தாகப் போடுங்கள். வெறும் எழுத்தாகப் பதிவான பெயர் எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் வந்தாலும் பாதுகாப்புத் தரும். லோகோவோடு சேர்த்துப் பதிந்தால் அந்த மொத்த உருவத்துக்குத்தான் உரிமை. லோகோ மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டார்பக்ஸ் 1971-இல் தொடங்கியதிலிருந்து தன் கடல்கன்னியைப் பல முறை மாற்றி வரைந்து, 2011-இல் பெயரையே லோகோவிலிருந்து எடுத்துவிட்டது. நாளை லோகோவை மாற்றும்போது பழைய பதிவு பயன்படுத்தாத ஒன்றாக நின்றுபோகக் கூடாது. பணம் இருந்தால் பெயர் தனியாக, படம் தனியாக என்று இரண்டு போடலாம். பெயர் கொஞ்சம் பலவீனமாக, விவரிக்கும் வகையில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது படத்தோடு சேர்த்தால்தான் பதிவே கிடைக்கும். கிடைத்தாலும் அந்தச் சொல்லின் மேல் தனி உரிமை இருக்காது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ் எழுத்தில் ஒன்றும் ரோமன் எழுத்தில் ஒன்றும் பயன்படுத்தினால் அவை இரண்டு தோற்றங்கள். வாடிக்கையாளர் கண்ணில் அதிகம் படுவது எதுவோ அதை முதலில் பதியுங்கள். அலுவலக மொழியல்லாத எழுத்தில் விண்ணப்பித்தால் ஒலிபெயர்ப்பும் அர்த்தமும் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

லோகோ யாருடையது என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. காசு கொடுத்து வரைய வைத்தோம், ஆகவே நம்முடையது என்ற நினைப்பு. பல நாடுகளில் வெளியாள் ஒருவர் வரைந்த படத்தின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தரும்வரை அவரிடமேதான் இருக்கும். அதனால் காசு கொடுக்கும் அன்றே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது நல்லது. தயார் வார்ப்புருக்களிலிருந்து எடுத்த லோகோ என்றால் இன்னும் சிக்கல். அதே படத்தை இன்னும் எத்தனையோ பேர் எடுத்திருப்பார்கள். டிரேட்மார்க்காகப் பயன்படுத்தக் கூடாது என்று பல தளங்களின் உரிம விதியிலேயே இருக்கும்.

அதே போல விண்ணப்பதாரர் யார் என்பதும். நிறுவனம் பெயரிலா, தனி ஆள் பெயரிலா? பங்காளிகள் பிரிந்தால் யாரிடம் நிற்கும்? சீனாவில் ஐபேட் பெயருக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு இதன் கனம் முழுதாகப் புரிந்தது. புரோவியூ என்ற குழுமத்தின் தைவான் நிறுவனத்திடமிருந்து ஆப்பிள் சார்பில் அந்தப் பெயர் உரிமைகள் 2009-இல் வாங்கப்பட்டன. ஆனால் சீனாவுக்கான பதிவு அதே குழுமத்தின் ஷென்ஜென் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. வாங்கியது அதைச் சேர்க்காது என்று அங்குள்ள நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2012-இல் 6 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். உலகின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை. எங்கள் விண்ணப்பத்தை நிறுவனம் பெயரில் போட்டோம். பிரிய நேர்ந்தால் பெயர் எங்கே போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். தங்கை முகம் கொஞ்சம் வாடியது. "இப்பவே எதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள். இப்போதுதான் நம் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நல்லெண்ணம் நிறைய இருக்கிறது, அதனால் இப்போதே எழுதிவிடலாம் என்றேன்.

ஐபேட் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனி. ஓரிடத்தில் பதிந்தால் மற்ற இடத்தில் செல்லாது. சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. அமெரிக்கா போன்ற நாடுகளில் முதலில் பயன்படுத்தியவருக்கு. ஒரு நாட்டில் முதல் விண்ணப்பம் போட்ட 6 மாதத்துக்குள் பிற நாடுகளில் போட்டால், அங்கேயும் முதல் விண்ணப்பத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். 1883-இன் பாரிஸ் உடன்படிக்கை தந்த வசதி இது. மாட்ரிட் முறையில் ஒரே விண்ணப்பம் வழியாக 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் எவை வேண்டுமோ அவற்றைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் முதல் 5 ஆண்டுகளுக்கு அது சொந்த நாட்டு விண்ணப்பத்தையே நம்பி நிற்கும். இங்கே விழுந்தால் அங்கேயும் விழும்.

விண்ணப்பித்த பிறகு நடப்பது பெரும்பாலும் காத்திருப்பு. பரிசோதகர் பார்ப்பார், ஆட்சேபணை இருந்தால் எழுதுவார், கெடுவுக்குள் பதில் தர வேண்டும். கெடு தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆட்சேபணைக் கடிதம் வந்ததும் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. பல ஆட்சேபணைகள் பொருள் விவரத்தைச் சுருக்கினாலே தீர்ந்துவிடும். பிறகு பதிவு அலுவலகத்தின் இதழில் குறி வெளியாகும், எதிர்ப்பவர்களுக்கு அவகாசம் தருவார்கள். அமெரிக்காவில் 30 நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம். ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம் முந்தைய பதிவுகளோடு மோதுகிறதா என்று தானாகப் பார்த்து மறுப்பதில்லை. முன்னவர்தான் கவனித்து எதிர்க்க வேண்டும். அப்படியென்றால் நாளை நாமே முன்னவராக ஆனபின் கவனித்துக்கொண்டிருப்பதும் நம் வேலைதான்.

இந்தச் சமயத்தில்தான் போலிக் கடிதங்கள் வரும். விண்ணப்பதாரர் விலாசம் பொதுப் பதிவேட்டில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அரசு முத்திரை மாதிரி ஒன்று, விண்ணப்ப எண், லோகோ எல்லாம் சரியாக அச்சிட்டு, வெளியீட்டுக் கட்டணம் என்றோ சர்வதேசப் பதிவேட்டுக் கட்டணம் என்றோ பணம் கேட்பார்கள். எங்களுக்கும் வந்தது. தங்கை கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டாள். பதிவு அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் நம் எண்ணை அடித்து, அங்கே அப்படி ஒரு பாக்கி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் கட்ட வேண்டும்.

டிஎம் என்ற சின்னத்தைப் பதிவுக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போட்ட சின்னத்தைப் பதிவு கிடைத்த பிறகுதான் போட வேண்டும். முன்னதாகவே போடுவது பல நாடுகளில் குற்றம்.

பதிவு கிடைத்தால் பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. பிரிட்டனில் 1876 ஜனவரி 1 அன்று முதல் எண்ணாகப் பதிவான பாஸ் மதுவாலையின் சிவப்பு முக்கோணம் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் நின்றது. ஆனால் பயன்படுத்த வேண்டும். தொடர்ந்து 3 ஆண்டு, சில இடங்களில் 5 ஆண்டு பயன்படுத்தாமல் வைத்தால் யாராவது ரத்து கேட்கலாம். அதனால் தேதியுள்ள விலைச்சீட்டு, அட்டைப் படம், விளம்பரம் என்று ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் எடுத்து ஒரு கோப்பில் போட்டுவைக்கிறேன். அதே சமயம் பெயரைப் பொருளின் பெயராக மாறவிடவும் கூடாது. எஸ்கலேட்டர் ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் குறி. அந்த நிறுவனமே அதை நகரும் படிக்கட்டுக்குப் பொதுச்சொல்லாகப் பயன்படுத்தியதால் 1950-இல் அமெரிக்காவில் இழந்தது. ஆஸ்பிரின் அங்கே 1921-லேயே போனது. ஜெர்மனியில் இன்றும் அது பேயர் என்ற மருந்து நிறுவனத்தின் குறி. அதனால் எங்கள் அட்டையில் எப்போதும் 'மரங்கொத்தி நோட்டு' என்றுதான் இருக்கும், வெறும் மரங்கொத்தி என்று இருக்காது.

இப்போது தங்கைக்குப் பள்ளிப் பையும் செய்ய ஆசை. பழைய பதிவில் பையைச் சேர்க்க முடியாது, 18-ஆம் வகுப்பில் புது விண்ணப்பம்தான் போட வேண்டும். தேடியதில் அங்கே ஏற்கெனவே ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. பெயர் வேறு, படம்தான் கிட்ட வருகிறது. படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போடலாம் என்பது என் கட்சி. பறவை இல்லாமல் பை விற்காது என்பது அவள் கட்சி. அடுத்த வாரம் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறோம்.